ஒரே வருடத்தில் கறள் பிடிக்கும் கல்வனைஸ்: முலாம் வேலையில் திருமலை எதைப் பழக வேண்டும்?

திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் விடுதி கட்டுபவர்கள், கொட்பேயில் படகு வேலை பார்ப்பவர்கள், நகருக்குள் வீட்டுக் கேற் அடிப்பவர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்விதான் இருக்கிறது. கல்வனைஸ் என்று சொல்லி வாங்கிய போல்ற், அடுத்த மாரி முடிவதற்குள் ஏன் கறள் கட்டுகிறது? சாமான் போலி என்று கடைக்காரரைத் திட்டுவது வழக்கம். சில வேளை அது சரியாகவும் இருக்கும். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. ஒன்று, முலாமின் தடிப்பு இந்த ஊர்க் காற்றுக்குப் போதாது. இல்லையேல், முலாம் தொட்டிக்கு முந்திய தொட்டிகளில் வேலை ஒழுங்காக நடக்கவில்லை. இரண்டையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, அளந்தால்தான் தெரியும். முலாம் தொழிலில் பயிற்சி என்று பேசும்போது அதன் பெரும்பகுதி இந்த அளக்கும் பழக்கம்தான்.

இரண்டு வகை நாகப் பூச்சு

இரும்பைக் காக்க நாகம் (துத்தநாகம், சிங்க்) பூசும் வழிகளில் சந்தையில் அதிகம் காண்பவை இரண்டு.

1. தோய்ப்பு முறை. சுத்தம் செய்த இரும்பை, ஏறக்குறைய 450 பாகை செல்சியஸில் உருகி நிற்கும் நாகத்துக்குள் முக்கி எடுப்பார்கள். நாகமும் இரும்பும் கலந்து உலோகக் கலவைப் படலங்கள் உண்டாகும். ஐஎஸ்ஓ (ISO) 1461 என்ற சர்வதேச நியமப்படி, 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த உருக்கில் சராசரிப் பூச்சு குறைந்தது 85 மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு 1 மைக்ரோன்) இருக்க வேண்டும். 3 முதல் 6 மில்லிமீற்றர் வரையிலான உருக்குக்கு 70 மைக்ரோன்.

2. மின்முலாம். அறை வெப்பநிலையில், நாக உப்புக் கரைசலுக்குள் மின்னோட்டம் செலுத்திப் படிய வைப்பது. வழக்கமான தடிப்பு 5 முதல் 12 மைக்ரோன். மினுமினுப்பாக, வெள்ளி போலவோ இளமஞ்சளாகவோ இருக்கும். கடையில் பார்வைக்கு நன்றாகத் தெரிவது இதுதான். தோய்ப்பு முறைச் சாமான் மங்கலாக, சாம்பல் பூத்தாற்போல் கிடப்பதால் பலர் அதைத் தரம் குறைந்தது என்றே நினைத்துவிடுகிறார்கள்.

இரண்டு முறையிலும் நாகம் இரும்பை ஒரே விதமாகத்தான் காக்கிறது. இரும்புக்கு முன் தான் அரிபட்டுக் கரையும். ஆகவே ஆயுள் என்பது எவ்வளவு நாகம் இருக்கிறது, வருடத்துக்கு எவ்வளவு கரைகிறது என்ற வகுத்தல் கணக்கு.

இந்தக் கடற்கரையில் கணக்கு எப்படி வரும்

ஐஎஸ்ஓ 9223 நியமம் காற்றின் அரிக்கும் வலுவை மிகக் குறைந்த சீ1 (C1) முதல் சீ5 (C5) வரையும், அதற்கும் மேல் சீஎக்ஸ் (CX) என்றும் பிரிக்கிறது. முதல் வருடத்தில் நாகம் இழக்கும் தடிப்பு சீ3இல் 0.7 முதல் 2.1 மைக்ரோன், சீ4இல் 2.1 முதல் 4.2, சீ5இல் 4.2 முதல் 8.4. சீஎக்ஸ் என்றால் 8.4இலிருந்து 25 வரை போகும். அலை உடைந்து உப்புத் தூறல் பறக்கும் வெப்ப வலயக் கரையோரத்தைச் சீ5 அல்லது அதற்கு மேல் என்று வைத்து வேலை செய்வதுதான் புத்தி. கந்தளாய்ப் பக்கம் உள்ளே போகப் போக உப்பு குறையும்.

இனி வகுத்துப் பாருங்கள். 8 மைக்ரோன் மின்முலாம் போல்ற் சீ3 காற்றில் ஏறக்குறைய 4 வருடமோ அதற்கு மேலோ நிற்கும். சீ5இல் ஒன்று, மிஞ்சினால் இரண்டு வருடம். 85 மைக்ரோன் தோய்ப்பு அதே சீ5இல் 10 முதல் 20 வருடம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, போல்ற்றும் போலியில்லை. உள்ளூர்ப் பிரிவுக்குப் பொருந்தாத பூச்சை வாங்கியதுதான் பிழை.

ஒரு நுணுக்கம். வாடைக் காலத்தில் கடலிலிருந்து காற்று உப்பைக் கொண்டுவருகிறது, கூடவே வரும் மழை அதைக் கழுவியும் விடுகிறது. மழை படாத இடங்களில்தான் உப்பு சேர்ந்துகொண்டே போகும். கூரைச் சட்டத்தின் அடிப்பக்கம், விறாந்தைக் கைப்பிடியின் கீழ்விளிம்பு, படியின் உள்மூலை ஆகியவை முதலில் கறள் பிடிப்பது இதனால்தான். மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் அந்த இடங்களைக் கழுவினாலே ஆயுள் கூடும். செலவே இல்லாத பராமரிப்பு, ஆனால் எந்தக் கட்டுமான ஒப்பந்தத்திலும் யாரும் எழுதுவதில்லை.

மின்முலாமையே தடிப்பாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். தட்டையான சாமானுக்குச் சரி. புரி உள்ள போல்ற்றுக்குச் சரிவராது. புரியின் இரு பக்கச் சரிவிலும் முலாம் ஏறுவதால் புரி விட்டம் தடிப்பைப் போல நான்கு மடங்கு கூடும். வழக்கமான எம்10 (10 மில்லிமீற்றர் விட்டம்) போல்ற்றின் புரிக்கும் நட்டுக்கும் நடுவில் முலாமுக்கென இருக்கும் இடைவெளி 32 மைக்ரோன். அதை நான்கால் வகுத்தால் 8 மைக்ரோன்தான் இடம். அதற்கு மேல் போனால் நட் ஏறாது. தோய்ப்பு முறைப் போல்ற்றுக்கு நட்டின் உட்புரியைச் சற்றே பெரிதாக வெட்டுவது அதனால்தான். போல்ற்றையும் நட்டையும் சோடியாக வாங்க வேண்டும். வேறு வேறு இடத்தில் வாங்கி இறுக்கினால் ஒன்று ஏறாது, இன்னொன்று ஆடும்.

தொட்டிகளின் வரிசை

மின்முலாம் பட்டறையில் சாமான் கடக்கும் பாதை இப்படி இருக்கும்:

1. எண்ணெய் நீக்கல். கோஸ்டிக் சோடா கலந்த கழுவு கரைசல், 60 முதல் 80 பாகை, 5 முதல் 10 நிமிடம்.
2. கழுவல்.
3. அமிலத் தோய்ப்பு. கடையில் கிடைக்கும் ஐதரோகுளோரிக் அமிலத்துக்குச் சம அளவு தண்ணீர். அமிலத்தைத் தண்ணீருக்குள் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். இரும்பைத் தின்னாமல் கறளை மட்டும் தின்னத் தடுப்பான் சேர்க்க வேண்டும்.
4. இருமுறை கழுவல்.
5. நாகத் தொட்டி.
6. கழுவல்.
7. நாகத்தைக் காக்க மேலே மெல்லிய குரோமியப் படலம் ஏற்றல், மறுபடி கழுவல், உலர்த்தல்.

முலாம் உரிந்தால் உடனே ஐந்தாவது தொட்டியில் மருந்து ஊற்றுவதுதான் பட்டறைகளில் நடப்பது. பிழை ஒன்றாம், மூன்றாம், நான்காம் தொட்டிகளில்தான் பெரும்பாலும் கிடக்கும். அதைப் பிடிக்கும் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. எண்ணெய் நீக்கிக் கழுவிய தகட்டைத் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக அரை நிமிடம் நின்றால் சுத்தம். நடுவில் பிளந்து துளித்துளியாகப் பிரிந்தால் அங்கே எண்ணெய் இருக்கிறது, அந்த இடத்தில் முலாம் பிடிக்காது. புதிதாக வரும் பையனுக்கு முதல் நாளில் கற்றுக்கொடுக்க வேண்டியது இது. அந்தச் சோதனையில் தோற்ற சாமானைத் திருப்பி அனுப்பும் உரிமையையும் அவனுக்குக் கொடுக்க வேண்டும். உரிமை இல்லாத சோதனையால் பலனில்லை.

அமிலத் தொட்டியில் இரும்பு கரைந்து சேர்ந்துகொண்டே போகும். லீற்றருக்கு 100 முதல் 120 கிராம் அளவை எட்டினால் அமிலம் ஓய்ந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு நேரத்தைக் கூட்டினால் சாமானில் கறுப்புத் தூள்தான் படியும். அமில ஆவி கொட்டிலுக்குள் உள்ள எல்லாவற்றையும் கறளாக்கும், மின்னோட்டம் தரும் ரெக்டிபயரையும் விடாது. காற்று வீசும் திசையின் கீழ்ப்பக்கம் அமிலத் தொட்டியை வை என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். வாடை ஒரு பக்கமும் கச்சான் மறுபக்கமும் வீசும் ஊரில் அது வருடத்தில் பாதி நாளுக்குத்தான் பொருந்தும். தொட்டி விளிம்பிலேயே ஆவியை உறிஞ்சும் குழாய் பூட்டுவதே வழி.

கழுவல் தொட்டி: பணம் ஒழுகும் இடம்

ஒரு தொட்டியிலிருந்து சாமான் வெளியே வரும்போது கரைசலையும் ஒட்டிக்கொண்டு வரும். அது அடுத்த தொட்டியைக் கெடுக்கும், காசையும் வாய்க்காலில் விடும். மணித்தியாலத்துக்கு 1 லீற்றர் கரைசல் ஒட்டி வருகிறது, அதை ஆயிரத்தில் ஒன்றாக நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வைப்போம்.

- ஒரே கழுவல் தொட்டி: மணித்தியாலத்துக்கு 1,000 லீற்றர் ஓடும் தண்ணீர்.
- இரண்டு தொட்டி, தண்ணீர் சாமானுக்கு எதிர்த்திசையில் ஓட: ஏறக்குறைய 32 லீற்றர்.
- மூன்று தொட்டி, அதே போல: 10 லீற்றர்.

ஆயிரத்தின் வர்க்கமூலம், கனமூலம். அவ்வளவுதான் சூத்திரம். புது நீர் கடைசித் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வழிந்து முந்திய தொட்டிக்கு வர வேண்டும். ஒரு தொட்டியை நடுவில் தடுத்து இரண்டாக்கி வழிவாய் வெட்டினாலே போதும், இயந்திரம் எதுவும் வேண்டாம். இத்துடன், தூக்கிய சாமானைத் தொட்டிக்கு மேலே 10 விநாடி பிடித்து வடிய விட்டால் ஒட்டி வரும் அளவே கணிசமாகக் குறையும். துண்டுக் கூலிக்கு வேலை செய்பவர் அந்த 10 விநாடியை விட்டுக்கொடுக்க மாட்டார். கூலி முறை தொட்டி வேதியியலைக் கெடுக்கும் இடம் இது.

தண்ணீரின் குணமும் முக்கியம். கரையோர மணற்பாங்கில் குழாய்க் கிணறு இறைக்க இறைக்க உவர் ஏறும். உவர் நீரில் கடைசிக் கழுவல் செய்தால் குளோரைட் சாமானிலேயே தங்கிவிடும். மேலே பெயின்ற் அடித்தால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக் கொப்புளம் கட்டும். கடைசித் தொட்டிக்கு மட்டுமாவது குழாய் நீரோ மழை நீரோ எடுக்க வேண்டும். கையடக்க மின்கடத்தல் மானியைத் தினமும் காலையில் அதற்குள் தோய்த்து எண்ணைக் குறித்து வைத்தால், கிணறு உவர் ஏறுவது முன்கூட்டியே தெரியும்.

அம்பியர், நிமிடம், மைக்ரோன்

மின்முலாமின் தடிப்பு ஊகமல்ல. 1 அம்பியர் 1 மணித்தியாலம் ஓடினால் 1.22 கிராம் நாகம் படியும். அது 1 சதுர டெசிமீற்றர் பரப்பில் ஏறக்குறைய 17 மைக்ரோன்.

கொக்கிச் சட்டமொன்றில் மாட்டிய கேற் பிணைச்சல்களின் மொத்தப் பரப்பு 40 சதுர டெசிமீற்றர் என்போம். சதுர டெசிமீற்றருக்கு 2 அம்பியர் வீதம் 80 அம்பியர். குளோரைட் நாகக் கரைசலின் திறன், அதாவது செலுத்திய ஓட்டத்தில் முலாமாகப் படியும் பங்கு, 95 வீதம். 12 மைக்ரோன் வேண்டுமானால் 22 நிமிடம். கார நாகக் கரைசலில் திறன் குறைவு என்பதால் நேரம் கூடும்.

வேலை நெருக்கும் நாளில் அதே சட்டத்தில் இரு மடங்கு சாமான் தொங்கும். மானி 80இலேயே நிற்கும், 22 நிமிடத்தில் மணியும் அடிக்கும். படிந்தது 6 மைக்ரோன். முதல் தொகுதியையும் இதையும் மேசையில் பக்கத்துப் பக்கம் வைத்தால் மினுக்கத்தில் வித்தியாசமே தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒன்று கறளுடன் திரும்பி வரும், மற்றது வராது. “நாங்கள் ஒரேமாதிரித்தானே செய்தோம்” என்பார்கள். ஒவ்வொரு சாமானின் பரப்பையும் ஒருமுறை கணக்கிட்டுச் சுவரில் எழுதிவைத்தால் இந்த வழக்கு தீர்ந்தது.

சட்டக் கொக்கிகளில் நாகம் கட்டிக்கொண்டு தொடுகை கெடுவதும் இதே விளைவைத் தரும். ஓட்டம் பெறாத சாமானுக்கு முலாம் குறையும், பக்கத்தில் தொங்குவது விளிம்பு கருகும். குழாயின் உட்பக்கத்துக்கு மின்முலாம் போய்ச் சேராது என்பதையும் மறக்கக்கூடாது. வெளியே மினுங்கும் குழாய் உள்ளிருந்து ஓட்டையாகும்.

267 மில்லிலீற்றரில் முழுத் தொட்டியைப் பார்ப்பது

தொட்டி சரியா என்று அறியப் பயிற்சியில் முதலில் பழக்க வேண்டிய கருவி ஹல் கலம். 1930களில் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஹல் வடிவமைத்தது. ஒரு பக்கம் சரிந்த சிறு பெட்டி, கொள்ளளவு 267 மில்லிலீற்றர். சரிந்த பக்கத்தில் ஒரு தகட்டை வைத்து, தொட்டிக் கரைசலை ஊற்றி, 1 அம்பியர் 10 நிமிடம் விடுவார்கள். தகட்டின் ஒரு முனை நேர்மின்வாய்க்கு அருகிலும் மறுமுனை தூரத்திலும் இருப்பதால், அதிக ஓட்டம் முதல் குறைந்த ஓட்டம் வரை எல்லாம் ஒரே தகட்டில் பதிவாகும். கிட்ட முனை கருகினால் போரிக் அமிலமோ நாகமோ குறைவு என்று சந்தேகிக்கலாம். தூர முனை கறுத்தால் வேற்று உலோகம் கலந்திருக்கலாம்.

குளோரைட் நாகத் தொட்டியின் வழக்கமான அளவுகள்: நாகம் லீற்றருக்கு 20 முதல் 40 கிராம், போரிக் அமிலம் 25 முதல் 35 கிராம், பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 5.0 முதல் 5.8. மருந்து சேர்ப்பதை முதலில் கலத்தில் பார்க்க வேண்டும். 2 கிராம் போட்டுத் தகடு திருந்தினால் அது லீற்றருக்கு 7.5 கிராம், அதாவது 1,000 லீற்றர் தொட்டிக்கு 7.5 கிலோ. சிறு கலத்தில் தோற்றால் நட்டம் ஒரு தேநீர்க் காசுகூட இல்லை. நேரே தொட்டியில் கொட்டித் தோற்றால் திருப்பி எடுக்க வழியில்லை.

தொட்டிக்குள் விழுந்த போல்ற்றுகளைக் காந்தத்தால் அன்றன்றைக்கே எடுக்க வேண்டும். அவை கரைந்து இரும்பைச் சேர்க்கும். சேர்ந்த இரும்பை ஐதரசன் பேரொட்சைட் சிறிதளவு விட்டுப் படிய வைத்து வடிகட்டலாம், ஆனால் அது மினுக்க மருந்தையும் கொஞ்சம் தின்னும்.

சூடு

இது திருமலைக்கே உரிய தலைவலி. குளோரைட் நாகத் தொட்டி 20 முதல் 35 பாகைக்குள் நன்றாக வேலை செய்யும். கச்சான் காலத்துப் பகலில் காற்றே 33, 35 பாகை. அதன்மேல் மின்னோட்டமும் தொட்டியைச் சூடாக்கும். பின்னேரம் 40ஐத் தாண்டும்போது சில மினுக்க மருந்துகள் கரைசலில் நிற்காமல் பிரிந்து, தொட்டி பால்போல் கலங்கும். சாமானில் எண்ணெய்த் திட்டு விழும். காலையில் நல்ல வேலை, பின்னேரம் கெட்ட வேலை என்றால் முதலில் வெப்பமானியைப் பாருங்கள், மருந்து விற்றவரைப் பிறகு கூப்பிடலாம். தண்ணீர் ஓடும் குளிர்ச்சுருள் ஒன்றைத் தொட்டிக்குள் இறக்குவதும், மருந்து வாங்கும்போதே கலங்கும் வெப்பநிலையைக் கேட்பதும் தீர்வு.

கடைசியில் ஏற்றும் மஞ்சள் குரோமியப் படலமும் சூட்டுக்குப் பயந்தது. 60 பாகைக்கு மேல் உலர்த்தினால் வெடித்துக் காக்கும் வலுவை இழக்கும். சுருள் வில், 12.9 தர போல்ற் போன்ற மிகக் கடின உருக்குக்கு இன்னொரு கவனம். அமிலத்திலும் முலாமிலும் ஐதரசன் உள்ளே போய், பாரம் ஏற்றியபின் திடீரென ஒடிய வைக்கும். முலாமிட்டு 4 மணித்தியாலத்துக்குள் 190 முதல் 220 பாகையில் பல மணித்தியாலம் சூடேற்ற வேண்டும். அதையும் குரோமியப் படலத்துக்கு முன் செய்ய வேண்டும். அடுப்பு இல்லாத பட்டறை அந்த வேலையை ஏற்கக்கூடாது.

வெல்டிங் கடையின் பங்கு

முலாம் பட்டறை எல்லாம் சரியாகச் செய்தாலும் வெல்டிங் கடையில் கெடுகிறது. நாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும், வெல்டிங் சூட்டுக்கு அது எம்மாத்திரம். கல்வனைஸ் குழாயை ஒட்டிய இடத்தில் இருபுறமும் பூச்சே இருக்காது. வெள்ளிப் பெயின்ற் ஒரு கை அடிப்பது கறளை மறைக்கும், தடுக்காது. கசடு தட்டி, வெள்ளை உலோகம் தெரியத் தேய்த்து, நாகத்தூள் செறிந்த பெயின்ற்றை 100 மைக்ரோன் வரை ஏற்ற வேண்டும். வெல்டிங் புகையில் நாக ஒட்சைட் இருக்கும். இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வருவது அதனால், காற்றோட்டமும் முகமூடியும் வேண்டும்.

ஒட்டி முடித்துத் தோய்ப்புக்கு அனுப்புவது இன்னும் நல்லது. அதற்கு வரைபடத்திலேயே துளைகள் வேண்டும். இரு முனையும் அடைத்த குழாயை 450 பாகை நாகத்தில் இறக்கினால் உள்ளே உள்ள ஈரம் நீராவியாகி வெடிக்கும், ஆள் உயிருக்கே ஆபத்து. எதிரெதிர் முனைகளில் துளை போடுவது வெல்டர் பயிற்சியின் பாடமாக இருக்க வேண்டும்.

கழிவு

பழைய சயனைட் நாகத் தொட்டி எங்காவது இருந்தால் அதன் வாய்க்காலும் அமில வாய்க்காலும் ஒருபோதும் சேரக்கூடாது. சேர்ந்தால் ஐதரசன் சயனைட் வாயு வரும், கொல்லும். மஞ்சள் படலக் கரைசலில் உள்ள ஆறு வலுவுள்ள குரோமியம் புற்றுநோய் தருவது. அதை பி.எச். 2 முதல் 3இல் சோடியம் மெற்றாபைசல்பைற்றால் மூவலுவாக்கி, மஞ்சள் பச்சையானபின் சுண்ணாம்பால் பி.எச். 8.5, 9க்கு உயர்த்திப் படிய வைக்க வேண்டும். நாகம் 9, 9.5இல் படியும். அளவு மீறி 11க்கு மேல் போனால் படிந்த நாகம் மறுபடி கரையும். முலாம் பட்டறைக்கு 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். மூன்று பக்கம் நிலம் சூழ்ந்த உட்துறைமுகத்தில் விட்ட உலோகம் திறந்த கடலில் போல அள்ளுண்டு போகாது, அடிச்சேற்றில் தங்கும்.

பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது

இலங்கையின் தேசிய தொழிற்றகைமைக் கட்டமைப்பில் ஏழு மட்டங்கள். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். பட்டறையில் வேலை பழகியவர் முன்கற்றல் அங்கீகாரம் மூலம் மதிப்பிடப்பட்டுத் தகைமை பெறலாம். ஆனால் சான்றிதழுக்குக் காத்திராமல் பட்டறைக்குள்ளேயே தொடங்கக்கூடியவை உண்டு:

1. தொட்டி ஆளுக்கு: நீர்ப்படலச் சோதனை, வடிய விடும் நேரம், அமிலம் கையாளல், கொக்கி சுத்தம்.
2. மேற்பார்வையாளருக்கு: பரப்புக் கணக்கு, அம்பியர் கணக்கு, ஹல் கலம், பி.எச். மானியைத் திருத்துதல்.
3. இருவருக்கும்: தினப் பதிவேடு. வெப்பநிலை, பி.எச்., கடத்தல் எண், சட்டத்தின் பரப்பு, அம்பியர், நேரம், சேர்த்த மருந்து, திரும்பி வந்த சாமான்.

மூன்றாவதுதான் கடினம். முதல் மாதம் எல்லாரும் எழுதுவார்கள், பிறகு ஒரே எண்ணைக் கீழே கீழே நகல் எடுப்பார்கள். முதலாளி கிழமைக்கு ஒருமுறை தானே தோய்த்து அளந்து பதிவுடன் ஒப்பிட்டால்தான் ஏடு உயிரோடு இருக்கும்.

வாங்குபவர் எழுதிக் கொடுக்க வேண்டியது

“நல்ல கல்வனைஸ்” என்று கட்டளை கொடுத்தால் கிடைப்பது மலிவானதுதான். கட்டளைத் தாளில் முறை தோய்ப்பா மின்முலாமா, குறைந்த தடிப்பு எத்தனை மைக்ரோன், எந்த இடத்தில் பூட்டப்போகிறோம், போல்ற்றுடன் நட் சோடியாக வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். உப்புத் தூறல் பெட்டியில் இத்தனை மணித்தியாலம் தாங்கியது என்று காட்டும் தாளை வருடங்களாக மாற்றிக் கணக்கிட வேண்டாம். அது ஒரு தொகுதியை இன்னொன்றோடு ஒப்பிட மட்டுமே உதவும். சாமான் வந்ததும் காந்தவகைத் தடிப்புமானியை முதலில் முலாம் இல்லாத அதே உருக்கில் சுழியம் செய்து, பிறகு போல்ற் தலையின் தட்டைப் பக்கத்தில் ஐந்து இடத்தில் அளவுங்கள். புரியில் வைத்தால் மானி பிழை காட்டும். ஐந்தில் மிகக் குறைந்த எண்ணையும் சராசரியையும் பற்றுச்சீட்டின் பின்புறம் எழுதிக் கையொப்பம் வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள்.